எந்த ள?

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்த சீட்டுக்கு ஆள் வரலை. கண்டக்டர்ட்டயும் சொல்லிட்டேன், பல்லடத்துல யாரு ஏறுனாலும் குடுத்திருங்கன்னு. தாராளமா சாஞ்சுக்கோங்க. எங்க, திருமங்கலமா? நான் ராஜபாளையம். இன்னும் ஆறு ஏளு மணி நேரம் இருக்கு.

ரெண்டு டிக்கெட்டும் நான்தான் பதிஞ்சேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் சம்சாரத்துக்கு. அவளைக் கூட்டிட்டுப் போகத்தான் கோயமுத்தூருக்கு வந்தேன், மக வீட்டுக்கு. நாலு நாள் இருந்து பாத்தேன். வரலை. நீங்க உக்காந்திருக்கது அவ சீட்டு. அய்யய்யோ, எந்திரிக்காதீங்க. உங்க மேல என்ன தப்பு இருக்கு.

நான் பேசுறது உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும். தமிளுன்னு எளுதுறதுக்குக் கடைசியில ஒரு எளுத்து வருமே, அது என் வாயில வராது. எங்க பக்கம் நெறையப் பேருக்கு வராது, எனக்குச் சுத்தமா வராது. பள்ளிக்கூடத்துல வாத்தியார் நாக்கை மடக்கு மடக்குன்னு பிரம்பை வச்சுக்கிட்டு நிப்பாரு. மடங்கினாத்தானே. ஆனா எளுதுறப்ப அதெல்லாம் சரியா வந்துரும். நான் பி.யூ.சி. தம்பி. மில்லுல முப்பத்திநாலு வருசம் டைம் ஆபீஸ் கிளார்க்கு. யாரு எத்தனை மணிக்கு உள்ள வந்தான், எத்தனை நிமிசம் லேட்டு, எல்லாம் என் பேனாவுலதான் வரணும். குருசாமின்னா தெரியாது, டைம் ஆபீஸ்னா ஊரே தெரியும்.

விசயம் என்னன்னா, குறுக்கெளுத்து. ஆமா, பத்திரிகையில கட்டம் கட்டமா வருமே, அதேதான். சிரிங்க, பரவாயில்லை. எல்லாரும் சிரிக்கத்தான் செய்யுறாங்க. இந்த வயசுல புருசன் ஒரு ஊரு, பொஞ்சாதி ஒரு ஊருன்னு கெடக்கிறதுக்கு மத்தவங்களுக்கு என்னென்னமோ காரணம் இருக்கும். எங்களுக்குக் கட்டம்.

எனக்குச் சின்ன வயசுலேருந்தே சும்மா இருக்கப் பிடிக்காது. அதுக்காகக் காசைச் செலவளிச்சுப் பொளுது போக்குறதுலயும் நம்பிக்கை கெடையாது. சினிமா, சீட்டு, கிளப்பு, ஒண்ணும் கெடையாது. கைக்காசு செலவில்லாம ஒரு மனுசன் எத்தனை சந்தோசமா இருக்கலாம்னு நான் புத்தகமே எளுதுவேன். மொதல்ல தீப்பெட்டிப் படம் சேத்தேன். எங்க பக்கம் தீப்பெட்டிக்கு என்ன பஞ்சம்? பாதையில கெடக்கும், பொறுக்கிட்டு வர வேண்டியதுதான். ஆயிரத்து நானூறு படம் இருந்துச்சு எங்கிட்ட. பெட்டியைத் தண்ணியில ஊறப்போட்டு, கிளியாம படத்தை உரிச்சு, சுளகைக் கவுத்துப்போட்டு அது மேல காயவச்சு, நோட்டுல ஒட்டணும். அந்தக் கைவேலையெல்லாம் சொர்ணம் பாத்துக்குவா. சொர்ணம்தான் என் சம்சாரம். பொறுக்கிட்டு வாரது நான்.

அப்புறம் மாடியில செடி வச்சேன். ஓட்டை வாளி, பெயிண்டு டப்பா, ஒடைஞ்ச குடம், எல்லாத்துலயும் செடி. தெருவுல போறவங்க நின்னு பாத்துட்டு, டைம் ஆபீஸ் கை ராசியான கையின்னு சொல்லிட்டுப் போவாங்க. கீளேயிருந்து தண்ணியைத் தூக்கிட்டுப் போயி ஊத்துறது மட்டும் அவ. அப்புறம் கொஞ்ச நாள் மவுத்தார்கன். அதுக்கு அவ ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை. கேக்கணும், அம்புட்டுத்தான்.

எதுக்குச் சொல்லுறேன்னா, எனக்குக் கைவசம் எப்பவும் ஒரு பொளுதுபோக்கு இருக்கும். அவளுக்கு ஒண்ணும் கெடையாது. நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், 'ஏ சொர்ணம், நீயும் எதையாவது பளகிக்கோ, மனுசனுக்கு ஒரு ஈடுபாடு வேணும்'னு. 'ஆகட்டும்'பா. சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருவா. சரி, அவளுக்கு அதுல எல்லாம் நாட்டமில்லைன்னு நானும் விட்டுட்டேன். ஏளாவது வரைக்கும் படிச்சவ. மளிகைக் கடையில மடிச்சுக் குடுக்கிற தாளைக்கூட விடாம படிப்பா, அது ஒண்ணுதான் அவகிட்ட இருந்த பளக்கம். அதை ஒரு பொளுதுபோக்குன்னு சொல்ல முடியுமா?

குறுக்கெளுத்து எனக்குப் பிடிபட்டது தொண்ணூத்தி மூணுல. நீங்க போட்டிருக்கீங்களா? போட்டதில்லையா. நம்ம தமிள்க் கட்டத்துக்கு நாலு வளி தம்பி. எடமிருந்து வலம், மேலயிருந்து கீள, இது ரெண்டும் எல்லாப் பாசைக்கும் உண்டு. நம்மகிட்ட வலமிருந்து எடமும் உண்டு, கீளயிருந்து மேலயும் உண்டு. எங்கிட்டுத் திரும்பினாலும் சொல்லு நிக்கணும். சில குறிப்புல 'தலையில்லாதவர்'னு போட்டிருப்பான், மொத எளுத்தை வெட்டணும். 'கொளம்பியிருக்கிறார்'னு போட்டா எளுத்தைக் கலைச்சுப் போடணும். மூளைக்கு அப்படி ஒரு வேலை. செலவு? ஒரு பென்சிலு, ஒரு போஸ்ட் கார்டு.

வெள்ளிக்கெளம பத்திரிகை வரும். சாயங்காலம் மில்லுலேருந்து வந்து, காப்பியைக் குடிச்சிட்டு, உக்காருவேன். பாதிக்கட்டம் அன்னைக்கே ரொம்பிரும். மீதியை அப்படியே மேசையில வச்சிருவேன். மறுநா சோத்தைப் போடும்போது அவ சும்மா கேப்பா, 'ஏங்க, அந்தப் பதினாலாவது அகத்தியா இருக்குமோ'ன்னு. எனக்கும் அந்நேரம் தொண்டை வரைக்கும் அதேதான் வந்திருக்கும். அவ வாயத் தொறந்துட்டா, நான் தொறக்கலை, அம்புட்டுத்தான் வித்தியாசம். 'அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன், நீ ரசத்தை ஊத்து'ம்பேன்.

ஞாயித்துக்கெளம கார்டு எளுதணும். என் கையெளுத்து கோளி கிண்டுன மாதிரி இருக்கும். டைம் ஆபீஸ்லயே கம்ப்ளெயிண்ட்டு உண்டு. அதனால எளுதுற வேலையை அவகிட்ட விட்டுட்டேன். அவ எளுத்து முத்து முத்தா இருக்கும். நான் போட்ட கட்டத்தைப் பாத்து, இன்ன நம்பருக்கு இன்ன விடைன்னு கார்டுல எளுதணும், கீள என் பேரைப் போடணும். வெறும் காப்பி அடிக்கிற வேலை. அதுல ஒரு கூத்து கேளுங்க. எளுதிக்கிட்டு இருக்கும்போதே தலையத் தூக்கி, 'எந்த ள?'ன்னு கேப்பா.

'எந்த ளன்னா? ளதான்'பேன்.

'இல்லங்க, இந்த வாளைக்கு எந்த ள?'

'கட்டத்துல போட்டிருக்கேன்ல, பாத்து எளுது. இதுல என்ன ஆராய்ச்சி'ன்னு சத்தம் போடுவேன். அவளும் பேசாம குனிஞ்சு எளுதிருவா. ஒரு ரெண்டு மூணு வருசம் வாராவாரம் கேட்டா தம்பி. அப்புறம் கேக்கிறதை விட்டுட்டா. புரிஞ்சிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்தக் கட்டத்துல எம்பேரு முப்பத்தொரு தடவை வந்திருக்கு. 'சரியான விடை எளுதிய வாசகர்கள்'னு போடுவான். வெட்டி எடுத்து பைலு போட்டு வச்சிருக்கேன். வெள்ளிக்கெளம பேரு வந்துச்சுன்னா சனிக்கெளம காலையில மில்லு வாசல் டீக்கடையில நான் போறதுக்கு முன்னாலயே பத்திரிகை விரிஞ்சு கெடக்கும். ஸ்பின்னிங் மாஸ்டரு, பெரிய படிப்புப் படிச்சவரு, அவரு எந்திரிச்சு பெஞ்சுல எடம் விடுவாரு. வேற எதுக்குத் தம்பி எனக்கு எடம் விடப் போறாங்க? லேட்டு மார்க்கு போடுறவனைப் பாத்தா எவனுக்கும் ஆகாது. ஆனா அந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் சிரிச்ச மொகமா இருப்பாங்க.

போன வருசம் எம்மக இந்துமதி ஸ்கூட்டர்ல விளுந்து காலை ஒடிச்சுக்கிட்டா. கூடமாட ஒத்தாசைக்கு மூணு மாசம்னு சொர்ணம் கெளம்பிப் போனா. மூணு மாசம்னுதான் சொன்னா. இப்பப் பதினாலு மாசம் ஆச்சு. மக நல்லா ஓடுறா, வேலைக்குப் போறா, திரும்ப ஸ்கூட்டரே ஓட்டுறா. இவ மட்டும் வரலை.

சாப்பாட்டுக்குக் கொறையில்லை. மெஸ் இருக்கு. துணியை மிசினு தொவைச்சிருது. மாடிச் செடி போயிருச்சு, போகட்டும். ஆனா வீட்டுல ஒரு சத்தம் இல்ல தம்பி. பேனாவைத் தேடுறேன்னு வைங்க, 'சொர்ணம்'னு கூப்பிட்டுருவேன். கூப்பிட்டதுக்குப் பெறகுதான் ஞாபகம் வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுறேன்னு ஒரு நாள் எண்ணிப் பாத்தேன், பத்தொம்பது. அன்னைக்கு எனக்கு ரொம்ப ஒரு மாதிரி ஆயிருச்சு. வெளியில சொல்லிக்கிறது இல்லை. நீங்க முன்பின் தெரியாதவரு, அதனால சொல்லுறேன்.

கட்டத்தை நான் விடலை. வாராவாரம் நானே ரொப்பி, நானே எளுதி, நானே போயி போட்டுட்டு வாரேன். பதினாலு மாசம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எம்பேரு வரணுமே? வரலை. எனக்கு மொதல்லேயே புரிஞ்சு போச்சு, இது கையெளுத்து வேலை. அங்க உக்காந்து பிரிக்கிறவன் எளுத்து அளகா இருக்கிற கார்டைத்தான் எடுப்பான். விடையைப் பாக்கிறதே இல்லை. முன்னாலயும் ஒரு தடவை இப்படி ஆச்சு, அவ ஆத்தா எறந்து ஊருக்குப் போயி ஒரு மாசம் இருந்தா. அந்த மாசமும் நான்தான் எளுதினேன், அந்த மாசமும் பேரு வரலை. பாருங்க, கையெளுத்துல என்ன இருக்குன்னு நாம நெனைக்கிறோம். எல்லாம் அதுலதான் இருக்கு. போன்ல சொன்னேன், 'சொர்ணம், உன் கையில்லாம பேரு வர மாட்டேங்குது'ன்னு. அதுக்கு அவ, 'மாத்திரை போட்டீங்களா'ன்னு கேட்டா.

சரி, நேர்ல போயி கூட்டிட்டு வந்துருவோம்னு போன வாரம் கெளம்பினேன். மக இருக்கது அடுக்குமாடி. கேட்டுல வாட்ச்மேன் மறிச்சான். பி பன்னெண்டுன்னு சொன்னேன். ஒடனே அவன், 'ஓ, கட்டம் அம்மா வீட்டுக்காரரா'ங்கிறான். எனக்கு ஒண்ணும் வெளங்கலை. நான் டைம் ஆபீஸ் குருசாமிங்கிறேன். 'ஆமாங்க சார், கட்டம் அம்மா வீட்டுக்காரரு'ன்னு நோட்டுல அப்படியே எளுதிக்கிட்டான்.

லிப்டுக்குப் பக்கத்துல ஒரு போர்டு. தண்ணி வராது, குப்பையை இங்க போடாதேன்னு ஒட்டுவாங்கல்ல, அது. அதுல நடுவுல ஒரு பெரிய தாளு. மாசக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்கேலு வச்சு கோடு இளுத்து, கட்டம். நம்பரு, குறிப்பு, நாலு வளியும். கீள மூலையில 'தயாரிப்பு: சொர்ணம், பி 12'. அவ பேரை எளுத்துல நான் பாத்தது ரேசன் கார்டுக்கு அப்புறம் அன்னைக்குத்தான்.

பொதன்கெளமைக்குப் பொதன்கெளம புதுக் கட்டம் ஒட்டுவாளாம். லிப்டுக்கு நிக்கிறவங்க போறப்ப வாரப்ப ஆளுக்கு ஒண்ணு ரொப்புவாங்களாம். மத்தியானம் மூணு மணிக்குக் கீள ஹாலுல அஞ்சாறு பொம்பளைங்க பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கிட்டு, மீதியைச் சேந்து போடுவாங்களாம். நான் போனது வியாளக்கெளம மத்தியானம், மூணே கால் இருக்கும். அவ வீட்டுல இல்லை. ஹாலுல இருந்தா. சிரிச்சுக்கிட்டு இருந்தா தம்பி. வாயை மூடாம. நான் வாசல்ல நிக்கிறதைப் பாத்துட்டு எந்திரிச்சா, 'வாங்க, சாப்பிட்டீங்களா'ன்னா. அந்தச் சிரிப்பு மட்டும் நின்னு போச்சு.

அந்தப் பொம்பளைங்க நல்ல மாதிரி. 'அங்கிள், நீங்க பெரிய கில்லாடியாமே, முப்பத்தொரு தடவை பேரு வந்திருக்காமே, அம்மா சொல்லியிருக்காங்க'ன்னு சேரை இளுத்துப் போட்டாங்க. எனக்கும் சந்தோசமா இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். தாளை மேசையில விரிச்சிருந்தாங்க. ரெண்டு எடம் காலியா கெடந்துச்சு. ஸ்கெட்ச் பேனாவைக் கையில குடுத்தாங்க. எடமிருந்து வலம் நாலு, 'ஆத்துல உருண்டு உருண்டு வளவளப்பானது', அஞ்சு எளுத்து. இது ஒரு கேள்வியா? கூளாங்கல்லு. மேலயிருந்து கீள ரெண்டு, 'ஊரு கூடி எடுப்பது', ரெண்டெளுத்து. விளா. எடுத்தேன், போட்டேன். கூளாங்கல்லுல ரெண்டாவது எளுத்து ளா, விளாவுலயும் ரெண்டாவது எளுத்து ளா. ரெண்டும் ஒரே கட்டத்துல வந்து உக்காருது, கச்சிதமா. தப்பா இருந்தா உக்காருமா தம்பி? கட்டத்தோட அளகே அதுதானே, ஒண்ணுக்கு ஒண்ணு சாட்சி.

ஒரு சின்னப் பொண்ணு, வீட்டுலேருந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்குதாம், அது சிரிச்சிருச்சு. 'அங்கிள், அது அந்த ளா இல்ல, இந்த ளா'ங்குது. நல்லாக் கேட்டுக்கோங்க, அந்த ளா இல்லையாம், இந்த ளாவாம். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. பக்கத்துல இருந்த அம்மாவும் சிரிச்சிருச்சு. எனக்குக் காது சூடாயிருச்சு. பேனாவைக் கீள வைக்கவும் முடியலை, கையில வச்சிருக்கவும் முடியலை.

சொர்ணம் சிரிக்கலை. மெதுவா வந்து என் கையிலேருந்து பேனாவை வாங்கினா. 'அவரு போட்டது சரிதான். எங்க ஊருப்பக்கம் கூளாங்கல்லுக்கு இப்படியும் எளுதுவாங்க. விளாங்கிறது மரம், ஓடு உள்ள பளம் காய்க்குமே, அது. நான்தான் குறிப்பைத் தப்பாப் போட்டுட்டேன்'னு சொல்லி, 'ஊரு கூடி எடுப்பது'ங்கிறதை அடிச்சிட்டு, 'ஓடுள்ள பளம் தரும் மரம்'னு எளுதினா. அந்தச் சின்னப் பொண்ணு என்னைய ஒரு தடவை பாத்துச்சு, சொர்ணத்தை ஒரு தடவை பாத்துச்சு, தலையக் குனிஞ்சுக்கிச்சு.

பாத்தீங்களா? தப்பு அவ மேலன்னு அவளே நாலு பேரு முன்னால ஒத்துக்கிட்டா. லிப்டுல போகும்போது நானும் சொன்னேன், 'பரவாயில்ல, விடு, ஆரம்பத்துல எல்லாருக்கும் வாரதுதான். போகப்போகச் சரியாயிரும்'னு. அவ லிப்டு சொவத்துல சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டு நின்னா. 'ஆமா'ன்னா. ரொம்ப அசதியா இருந்தா. வயசாச்சில்ல அவளுக்கும்.

மறுநா டிக்கெட்டைக் காட்டினேன். ஸ்கேலை வச்சு அடுத்த வாரத்துக் கட்டத்துக்குக் கோடு போட்டுக்கிட்டு இருந்தா. 'திங்கக்கெளம காலை வண்டி, சீட்டு பதிஞ்சாச்சு, பெட்டியைக் கட்டு'ன்னேன்.

'யாரைக் கேட்டுப் பதிஞ்சீங்க'ன்னா.

'இதுல என்ன கேக்க இருக்கு? நம்ம வீட்டுக்குப் போறதுக்கு யாரைக் கேக்கணும்?'

அவ கோட்டை முடிச்சிட்டுத்தான் நிமிந்தா. 'நான் வரமாட்டேன்னு சொல்லலை. இப்ப வரலை'ன்னா. அப்படி இங்க என்னதான் இருக்குன்னு கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன். அதுக்கு அவ சொல்லுறா, 'இங்க மூணு மணியிலேருந்து நாலரை வரைக்கும் என்னைய யாரும் கூப்பிடுறது இல்லை'ன்னு.

நீங்களே சொல்லுங்க தம்பி, யாரும் கூப்பிடலைங்கிறது ஒரு பெருமையா? நம்ம வீட்டுல அவளை நான் எத்தனை தடவை கூப்பிடுவேன்! எதுன்னாலும் சொர்ணம்தான். கண்ணாடி எங்க, சொர்ணம். பென்சிலு எங்க, சொர்ணம். அவளைக் கூப்பிடாம எனக்கு ஒரு வேலை ஓடினது இல்லை. அதை விட்டுட்டு, கூப்பிட ஆளில்லாத எடம் நல்லாருக்காம்.

மக அடுப்படியிலேருந்து வந்தா. அவளுக்கு என்னைய மாதிரியே வெடுக்குனு வந்துரும். 'அப்பா, அந்த முப்பத்தொரு தடவையும் அந்தக் கார்டுல அம்மா என்ன...'ன்னு ஆரம்பிச்சா. சொர்ணம் சட்டுனு, 'இந்து, பாலு பொங்குது பாரு'ன்னா. மக அம்மாளையே பாத்துக்கிட்டு நின்னுட்டு உள்ள போயிட்டா. அடுப்புல பாலே இல்லை தம்பி. நான்தான் தண்ணி குடிக்கப் போனப்ப பாத்தேனே. வயசானா இப்படித்தான், இல்லாததெல்லாம் இருக்க மாதிரித் தெரியும்.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நான் பேசலை. அவ சோறு போட்டா, தின்னேன். நேத்துச் சாயங்காலம் என்னால முடியலை. அவ மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தா, பின்னாலயே போயி கேட்டுட்டேன். 'சரி, இப்ப வரலைன்னா எப்ப வருவ? ஒரு நாளைச் சொல்லு. அதை வச்சு இருந்துக்கிறேன்'னேன். சத்தியமாச் சொல்லுறேன், அப்ப எனக்குக் கட்டம், கார்டு எதுவும் மனசுல இல்லை. அவ வீட்டுல இருக்கணும், அம்புட்டுத்தான். அதை எப்படிச் சொல்லுறதுன்னுதான் தெரியலை. நாப்பத்தோரு வருசத்துல சொல்லிப் பளகலை. அவ எஞ்சட்டையை ஒதறி மடிச்சுக்கிட்டே, 'காலையில பையில வச்சு விடுறேன்'னா. என்னத்த வப்பா, எதுக்கு இதைச் சொல்லுறா, ஒண்ணும் புரியலை. கட்டுச்சோத்தைச் சொல்லுறா போலன்னு விட்டுட்டேன்.

காலையில சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவுல வந்தா. கையை ஆட்டினா. வண்டி சூலூரு தாண்டினதும் பையைத் திறந்து பாத்தேன். எலுமிச்சங்கா சோறு இருந்துச்சு, தண்ணி பாட்டிலு இருந்துச்சு, அடியில ஒரு கட்டு. ரப்பர் பேண்டு போட்டு. பாத்தா எல்லாம் போஸ்ட் கார்டு.

இந்தா பாருங்க. ஒவ்வொண்ணுலயும் பத்திரிகை அட்ரஸு எளுதியிருக்கா. திருப்புங்க. நாலு வளிக்கும் தலைப்புப் போட்டு, நடுவுல எடம் விட்டு, கீள எம்பேரு, எங்க வீட்டு அட்ரஸு. நான் விடையை மட்டும் ரொப்பினாப் போதும். எத்தனை மத்தியானம் உக்காந்து எளுதியிருப்பா! எனக்குப் பாத்ததும் நெஞ்சு நெறைஞ்சு போச்சு. கையெளுத்து கையெளுத்துன்னு நான் பொலம்பினதுக்கு வளி பண்ணிட்டாளேன்னு. போன்ல கூப்பிட்டுச் சொல்லணும்னு செல்லைக்கூட எடுத்துட்டேன்.

அப்புறம் சும்மாதான் எண்ணினேன். கை சும்மா இருக்காது எனக்கு.

அந்தப் பத்திரிகையில ஒரு சட்டம் உண்டு தம்பி. ஒரு வாரத்துக்கு ஒரு ஆளு ஒரு கார்டுதான் அனுப்பணும். கூட ஒண்ணு அனுப்பினா ரெண்டையும் தள்ளிருவான். அவளுக்கு அது என்னைய விட நல்லாத் தெரியும். இருபத்தஞ்சு வாங்கலாம். அம்பது வாங்கலாம். ஆசைக்கு நூறுகூட வாங்கலாம். அம்பத்திரெண்டுன்னு கணக்கா யாரு தம்பி வாங்குவா?

ரெண்டு தடவை எண்ணிட்டேன். வண்டி குலுக்கலு வேற, கண்ணாடியும் தண்ணியா மறைக்குது. கார்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும், இல்ல ஒண்ணையே ரெண்டாத் தள்ளியிருப்பேன். இந்தாங்க. உங்களுக்குக் கண்ணு நல்லாயிருக்கும். அவசரமில்லை, நிதானமா, ஒவ்வொண்ணா எடுத்து நீங்க ஒரு தடவை எண்ணிச் சொல்லுங்க.